விருந்து மூன்று நாள், வாசம் பத்து மாதம்

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் ஊர்க் கணக்கு. பள்ளிப் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாடு போகும் பதினாறு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு உதவாது. முன்பின் தெரியாத ஒரு வீட்டில் ஒரு கல்வியாண்டு முழுக்க, ஏறத்தாழப் பத்து மாதம், இருந்தாக வேண்டும். முதல் இரண்டு மூன்று நாள் விருந்தாளியாக வைத்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அந்தப் பிள்ளைக்கு என்ன இடம்? மகன் அல்லது மகள் என்று திட்டங்களின் கையேடுகள் ஒரே குரலில் சொல்கின்றன. அந்தப் பதில் எவ்வளவு தூரம் செல்லும், முதல் வாரங்களில் எங்கே இடறுகிறது, ஆய்வாளர்கள் இதில் என்ன கண்டார்கள், எதைத் தவறவிட்டார்கள் என்று பார்க்கலாம். பெரும்பாலும் அமெரிக்காவை வைத்தே பேசுகிறேன். இந்த ஏற்பாடு பெரிய அளவில் வளர்ந்ததும், அதன் விதிகள் யாரும் படிக்கும்படி எழுத்தில் இருப்பதும் அங்கேதான்.

ஒரு நாட்டைப் புரிந்துகொள்ள அந்நாட்டு வீடொன்றில் தங்க வேண்டும் என்ற எண்ணம் பழையதல்ல. சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டொனால்ட் வாட் 1932இல் அமெரிக்க இளைஞர்களை ஐரோப்பாவுக்கு அழைத்துப் போனார். முதலில் முகாம் போட்டுப் பார்த்தார். அது போதவில்லை என்று கண்டு, அடுத்த ஆண்டு பிள்ளைகளைக் குடும்பங்களோடு தங்க வைத்தார். 'எக்ஸ்பெரிமென்ட் இன் இன்டர்நேஷனல் லிவிங்' என்று அவர் வைத்த பெயரிலேயே சோதனை என்ற சொல் இருக்கிறது. 1934இல் அந்தத் திட்டத்தில் ஜெர்மனி போன சார்ஜன்ட் ஷ்ரைவர்தான் பின்னாளில் அமெரிக்காவின் பீஸ் கோர் அமைப்புக்கு முதல் இயக்குநரானார். ரோட்டரி சங்கங்களின் மாணவர் பரிமாற்றம் இதற்கும் முன்னதாக, 1920களில் பிரான்சின் நீஸ் நகரில் தொடங்கியது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வேகம் கூடியது. இரண்டு உலகப் போர்களிலும் காயம்பட்ட வீரர்களை ஆம்புலன்சில் ஏற்றிச் சென்ற அமெரிக்கத் தன்னார்வலர்களின் அமைப்பு ஏஎஃப்எஸ். வண்டி ஓட்டும் வேலை முடிந்ததும், 1947இல் 10 நாடுகளிலிருந்து 52 மாணவர்களை அமெரிக்கப் பள்ளிகளுக்கு வரவழைத்தது. 1951இல் ரேச்சல் ஆண்ட்ரெசன் என்ற பெண்மணி, போரில் தோற்ற ஜெர்மனியின் பதின்பருவப் பிள்ளைகளை மிச்சிகன் மாநிலத்து வீடுகளில் தங்க வைத்தார். 'யூத் ஃபார் அண்டர்ஸ்டாண்டிங்' அப்படிப் பிறந்தது. 1983இல் அமெரிக்க நாடாளுமன்றமும் ஜெர்மன் நாடாளுமன்றமும் சேர்ந்து ஒரு திட்டம் வகுத்தன. சோவியத் ஒன்றியம் உடைந்ததும் அதிலிருந்து பிரிந்த நாடுகளின் பிள்ளைகளுக்கு ஃப்ளெக்ஸ், 2001 செப்டம்பர் தாக்குதலுக்கு மறு ஆண்டு முஸ்லிம் மக்கள் கணிசமாக வாழும் நாடுகளின் பிள்ளைகளுக்கு யெஸ் என்று உதவித்தொகைத் திட்டங்கள் வந்தன. இரண்டாவதில் இந்தியாவும் உண்டு. வரிசையைப் பார்த்தால் எந்த நாட்டோடு எப்போது உறவைச் சரிசெய்ய வேண்டியிருந்தது என்பது தெரிகிறது. அனுப்பப்படும் பிள்ளைக்கு இது எதுவும் மனசில் இருப்பதில்லை. ஈரத் துண்டை எங்கே காயப்போடுவது என்பதுதான் அதன் அன்றைய கவலை.

இந்தப் பிறப்பு வரலாறு முதல் நாள் அனுபவத்தின் மேல் நேராகவே விழுகிறது. பகையை அன்பால் மாற்றும் வேலை என்று தொடங்கியதால் அதில் பணம் புழங்கக் கூடாது என்ற பிடிவாதம் ஒட்டிக்கொண்டது. அமெரிக்காவில் பரிமாற்றத்துக்குரிய ஜே-1 விசாவில் வரும் பள்ளி மாணவரை ஏற்கும் குடும்பத்துக்குப் பணம் தரக்கூடாது என்பது வெளியுறவுத் துறையின் விதி. வருமான வரிக் கணக்கில் மாதம் 50 டாலர் வரை கழித்துக்கொள்ளலாம், அவ்வளவே. வளரும் பிள்ளைக்கு அது ஒரு வாரச் சாப்பாட்டுக்கும் வராது. நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, கனடா ஆகிய நாடுகளில் வெளிநாட்டு மாணவர்களுக்கான ஹோம்ஸ்டே வேறு ஜாதி. அங்கே வீட்டுக்காரருக்குக் கட்டணம் உண்டு. 2002 முதல் நியூசிலாந்து அரசு மாணவர் நலனுக்கென்று ஒரு நெறிமுறையே வைத்திருக்கிறது.

எது மேல்? பலரும் யோசிக்காமல் முதலாவதைச் சொல்வார்கள். எனக்கு அவ்வளவு உறுதியில்லை. காசு வாங்காத வீட்டில் பிள்ளை கடன்பட்டவனாக உணர்கிறான். போர்வை போதவில்லை என்று கேட்கவும் கூசுகிறான். 'இவர்கள் சும்மா வைத்திருக்கிறார்கள், நான் எப்படிக் குறை சொல்வது' என்ற நினைப்பு வாயைக் கட்டிவிடுகிறது. காசு கொடுத்த வீட்டில் வாய் திறக்கிறது. ஆனால் வீட்டுக்காரர்கள் மேசையில் தட்டை வைத்துவிட்டுத் தொலைக்காட்சி பார்க்கப் போய்விட்டால், அந்த வாய்க்குப் பேசத் துணை இல்லை. இரண்டிலும் முதல் மாதத்தின் தனிமை உண்டு. அதன் ருசிதான் வேறு.

குடும்பம் அமையும் விதத்தையும் பார்க்க வேண்டும். மாணவர் தன்னைப் பற்றி ஒரு கடிதம் எழுதுகிறார், படங்கள் ஒட்டுகிறார். அந்தக் கோப்பைப் பார்த்துக் குடும்பம் அவரைத் தேர்ந்தெடுக்கிறது. மாணவருக்கு அப்படியொரு தேர்வு இல்லை. ஆகஸ்ட் 31க்குள் இடம் உறுதியாக வேண்டும் என்று அமெரிக்க விதி சொல்கிறது. கடைசி வாரங்களில் தன்னார்வ ஒருங்கிணைப்பாளர்கள் தேவாலயத்திலும் பள்ளி அலுவலகத்திலும் அக்கம்பக்கத்திலும் வீடு கேட்டு அலைகிறார்கள். நிரந்தர வீடு கிடைக்காதவரைத் தற்காலிகமாக ஏற்கும் குடும்பங்களும் உண்டு. ஆக, விமான நிலையத்தில் பெயர்ப் பலகையும் பலூனுமாக நிற்கும் குடும்பத்தோடே பத்து மாதமும் இருப்போம் என்ற உறுதி எல்லோருக்கும் கிடைப்பதில்லை.

வீடு தேடும் அவசரம் எவ்வளவு கெட்டுப்போகும் என்பதை 2009இல் பென்சில்வேனியாவின் ஸ்க்ராண்டன் பகுதியில் பார்த்தார்கள். வெளிநாட்டு மாணவர்கள் சிலர் அசுத்தமான வீடுகளில், சரியான சாப்பாடு இல்லாமல் வைக்கப்பட்டிருந்தது வெளியே வந்தது. மறு ஆண்டு விதிகள் இறுகின. வீட்டில் இருக்கும் 18 வயது நிரம்பிய ஒவ்வொருவர் மேலும் குற்றப் பின்னணி விசாரணை, வீட்டுக்குள் நேரில் போய்ப் பேட்டி, அறைகளின் படங்கள், மாதம் ஒரு முறையாவது மாணவரோடும் குடும்பத்தோடும் தொடர்பு. இவை ஆபத்தான வீட்டை வடிகட்டும். பொருந்தாத வீட்டை வடிகட்ட எந்த விதியாலும் முடியாது. பரிமாற்றத்தில் பெரும்பாலான கண்ணீர் இரண்டாவது வகை வீட்டில்தான் சிந்தப்படுகிறது.

இனி அந்த வீட்டுக்குள் போவோம். பண்பாட்டு வேறுபாடு என்றால் மதம், அரசியல், பெரிய விழாக்கள் என்று கிளம்பும் முன் பிள்ளைகள் தயாராகிறார்கள். போனதும் மோதுவது குளிர்சாதனப் பெட்டியோடு. அமெரிக்க வீட்டில் 'பசித்தால் எடுத்துச் சாப்பிடு' என்று முதல் நாளே சொல்லிவிடுகிறார்கள். அவர்கள் கணக்கில் அத்தோடு உபசாரம் முடிந்தது. நம் பிள்ளைக்கு அது காதில் விழுந்தும் கை நீளாது. பிறர் வீட்டு அலமாரியைத் திறப்பது திருட்டுக்கு அடுத்த வீடு என்றுதானே வளர்த்திருக்கிறோம். இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று மேசையில் கேட்டால் மரியாதைக்கு வேண்டாம் என்கிறது. இங்கே அம்மாவோ அத்தையோ அந்த வேண்டாமைக் காதில் வாங்காமல் இன்னொரு தோசையைத் தட்டில் போடுவார்கள். அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். பாத்திரம் மூடப்படுகிறது. அரைவயிற்றோடு படுக்கும் பிள்ளை இவர்களுக்கு அன்பில்லை என்று முடிவு கட்டுகிறது. அவர்களோ அதன் விருப்பத்தை மதித்ததாக நினைத்துத் தூங்குகிறார்கள்.

ஜெர்மனியில் இரவுச் சாப்பாடு பல வீடுகளில் ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, குளிர்ந்த இறைச்சித் துண்டு, இவ்வளவுதான். அடுப்பே பற்றவைப்பதில்லை. நாளின் முக்கியச் சமையல் மதியத்தோடு முடிந்திருக்கும். சூடான சோற்றை இரவில் எதிர்பார்த்துப் போன பிள்ளைக்கு முதல் வாரம் முழுக்கத் தன்னைச் சரியாகக் கவனிக்கவில்லை என்ற நினைப்பு இருக்கும். குளிர்காலத்திலும் ஜன்னலை அகலத் திறந்து காற்று விடுவார்கள். வீட்டுக்குள் போட ஒரு செருப்பு தனியே உண்டு. குப்பையை நாலைந்து தொட்டிகளாகப் பிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், அன்று சத்தம் போடுவதும் அக்கம்பக்கத்தில் பெரிய குற்றம்.

ஜப்பானில் சோதனை குளியலறையில். தொட்டிக்கு வெளியே சோப்புப் போட்டு நன்றாகக் கழுவிக்கொண்டு, பிறகுதான் வெந்நீர்த் தொட்டிக்குள் இறங்க வேண்டும். அதே நீரில் வீட்டார் ஒருவர் பின் ஒருவராக ஊறுவார்கள். இது தெரியாமல் தொட்டிக்குள் சோப்புக் கரைத்து, கடைசியில் அடைப்பானையும் பிடுங்கி நீரை வடித்துவிடும் வெளிநாட்டுப் பிள்ளை அங்கே நெடுநாளைய வேடிக்கைக் கதை. வீட்டார் முகம் சுளிப்பதில்லை. மீண்டும் நீர் நிரப்புகிறார்கள். தவறு என்று சொல்லாமல் விடுவதால் பிள்ளைக்குத் தெரிய நாளாகிறது.

கதவு இன்னொன்று. அறைக்கதவைச் சாத்திக்கொள்வது சில வீடுகளில் இயல்பு, சில வீடுகளில் கோபத்தின் அறிகுறி. அலுத்துப்போய்ச் சும்மா படுத்திருக்கும் பிள்ளையை, எங்களோடு ஒட்ட மாட்டேன் என்கிறான் என்று குடும்பம் புரிந்துகொள்கிறது. நாள் முழுக்க அந்நிய மொழியில் கேட்டு, நினைத்து, பதில் சொல்லி வந்தவனுக்கு மாலை ஐந்து மணிக்கே தலை கனத்துவிடும். முதல் மாதத்தில் பரிமாற்ற மாணவர்கள் தூங்கும் தூக்கம் அப்படிப்பட்டது. அனுபவமுள்ள குடும்பங்களுக்கு இது தெரியும். முதல் முறை ஏற்கும் குடும்பம் ஒருங்கிணைப்பாளருக்குத் தொலைபேசி போடுகிறது.

தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டுமான ஒரு தடுமாற்றத்தையும் இங்கே சொல்ல வேண்டும். ஐம்பது வயதுப் பெண்மணி தன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடு என்கிறார். நாக்கு வரவில்லை. மாம் என்று கூப்பிட்டால் ஊரில் இருக்கும் அம்மாவுக்குத் துரோகம் மாதிரி இருக்கிறது. ஆன்ட்டி என்றால் அவர் சிரிக்கிறார். விளைவு, எந்தப் பெயரும் சொல்லாமல் அவர் திரும்பிப் பார்க்கும் வரை சமையலறை வாசலில் நிற்பது. அந்த நிற்றல் அங்கே புரியாத நடத்தை. சைவம் சாப்பிடுபவர்கள் பாடு தனி. வீட்டார் நல்ல மனசோடு இறைச்சியை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொடுப்பார்கள். ஆறாவது நாளும் சாலட்டும் சீஸ் சாண்ட்விச்சும்தான். ஊரில் அடுப்பங்கரைப் பக்கம் போகாத பையன்கள் சாம்பார் வைக்கக் கற்பது இப்படித்தான். கற்ற பையன் அந்த வீட்டில் ஒரு வேலைக்குச் சொந்தக்காரனாகிறான் என்பதால், சமையல் தெரிந்த பிள்ளைக்கு முதல் மாதம் சற்றே சுலபம்.

தூரத்தை நகரப் பெற்றோர்கள் எதிர்பார்ப்பதில்லை. அமெரிக்கா என்றதும் நியூயார்க் தெரு நினைவுக்கு வருகிறது. ஏற்க முன்வரும் குடும்பங்களில் ஏராளமானவை மத்திய மேற்கின் சிற்றூர்களில் இருக்கின்றன. பேருந்து இல்லை. பரிமாற்ற மாணவர் வண்டி ஓட்டக் கூடாது என்பது அநேகமாக எல்லாத் திட்டங்களிலும் விதி. பள்ளிக்கும் கடைக்கும் நண்பர் வீட்டுக்கும் யாராவது கொண்டுபோய் விட வேண்டும். சென்னையில் பத்து வயதில் தனியே சைக்கிளில் டியூஷன் போன பிள்ளைக்குப் பதினாறு வயதில் இது பெரிய இறக்கம். சுதந்திரத்தின் நாடு என்று கேள்விப்பட்டுப் போய், வாரக் கடைசியில் அனுமதி கேட்டு வாசலில் நிற்கிறது.

குடும்பத்தின் பக்கத்தையும் கேட்க வேண்டும், அதற்கும் இது முதல் அனுபவம்தான். 1985இல் நான்சி கிங்கும் கென் ஹஃப்பும் ஏற்கும் குடும்பங்களுக்கென்றே ஒரு கையேடு எழுதினார்கள். வருகை, நிலைபெறல், உறவு ஆழப்படுதல், பண்பாட்டு அதிர்ச்சி, விடுமுறைக் காலம் என்று படிப்படியாக, மாணவர் கடக்கும் வழியை வீட்டாரும் கடக்கிறார்கள் என்று காட்டியது அந்நூல். உண்மையில் சுமை ஒரே ஆள் மேல்தான் விழுகிறது. பள்ளிச் சேர்க்கை, மருத்துவர், மாற்று உணவு, அழுகை எல்லாம் அந்த வீட்டுப் பெண்ணின் பொறுப்பு. அதே வயதில் ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் நல்ல துணை என்று திட்டக்காரர்களும் பெற்றோரும் நம்புகிறார்கள். எனக்கு இதில் சந்தேகம். ஒரே வகுப்பு, ஒரே நண்பர் வட்டம், ஒரே அம்மா. மூன்றையும் பங்குபோட வேண்டிய வீட்டுப் பிள்ளை ஒரு மாதம் பொறுக்கும், இரண்டாம் மாதம் முறைக்கும். ஆறு வயதுத் தம்பியோ தங்கையோ இருக்கும் வீடு இதைவிட நல்லது. குழந்தைகள் தப்பான உச்சரிப்பைத் தயங்காமல் திருத்துவார்கள், அதில் யாருக்கும் அவமானமும் இல்லை.

ஆய்வாளர்களிடம் போனால் எங்கும் ஒரு வளைகோடு கிடைக்கிறது. முதலில் தேனிலவு, பிறகு சரிவு, பிறகு தேறுதல். ஆங்கில யூ எழுத்தின் வடிவம். பயிற்சி வகுப்புகளில் இன்றும் இதைக் கரும்பலகையில் வரைகிறார்கள். இதன் மூலம் எது? 1954இல் மானுடவியலாளர் கலெர்வோ ஓபெர்க் ரியோ டி ஜெனிரோவில் ஆற்றிய ஓர் உரை, 1955இல் நார்வேயின் ஸ்வெர்ரே லிஸ்கார்ட் எழுதிய ஒரு கட்டுரை. ஓபெர்க் சொன்ன தேனிலவு, ஓட்டலில் தங்கி, தன் மொழி பேசும் நாகரிகமான உள்ளூர்க்காரர்களோடு பழகுகிறவரின் தேனிலவு. லிஸ்கார்ட் கேட்டது ஃபுல்பிரைட் உதவித்தொகையில் அமெரிக்கா போய்த் திரும்பிய 200 நார்வேக்காரர்களை. வளர்ந்தவர்கள், படித்தவர்கள். ஊர் திரும்பிய பின் நினைவிலிருந்து சொன்னார்கள். ஆறு மாதத்துக்குக் குறைவாக இருந்தவர்களும் பதினெட்டு மாதத்துக்கு மேல் இருந்தவர்களும் நன்றாக இருந்ததாகவும் நடுவில் இருந்தவர்கள் திணறியதாகவும் கண்டார். ஒரே ஆளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வல்ல அது. முதல் வாரத்தை அவர் அளக்கவே இல்லை. 1963இல் கல்லாஹார்ன் தம்பதியினர் ஊர் திரும்பிய பின் வரும் சரிவையும் சேர்த்துக் கோட்டை நீட்டினார்கள். அடித்தளம் அதேதான்.

1998இல் காலின் வார்டும் அவருடைய சகாக்களும் நியூசிலாந்துக்கு வந்த ஜப்பானிய மாணவர்களை வந்திறங்கிய 24 மணி நேரத்துக்குள் ஒரு முறையும், பிறகு ஓராண்டுக்குள் பல முறையும் அளந்தார்கள். மனச்சோர்வும் தடுமாற்றமும் உச்சத்தில் இருந்தது தொடக்கத்தில்தான், பிறகு தணிந்தது. தேனிலவைக் காணோம். சிறிய குழுதான், எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஏற்கும் வீட்டுக்கு, அதாவது ஹோஸ்ட் குடும்பத்துக்குப் போகும் பதினாறு வயதுக்காரருக்கு, ஓபெர்க்கின் ஓட்டலைவிட இது பொருத்தமான சான்று. அந்தப் பிள்ளைக்கு ஓட்டல் கட்டமே கிடையாது. விமான நிலையத்திலிருந்து நேரே அடுத்தவர் சமையலறைக்குப் போகிறது. முதல் மாதம் இனிக்கும் என்று கரும்பலகையில் பார்த்துவிட்டுப் போன பிள்ளை மூன்றாம் இரவு அழும்போது, தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று நினைக்கிறது. பயிற்சி வகுப்புகள் செய்யும் கெடுதல் இது.

மொழியிலும் இதேபோல் ஒரு நம்பிக்கை உடைந்திருக்கிறது. வீட்டில் தங்கினால் பேச்சு தானாக வரும் என்பார்கள். ரஷ்யாவில் படித்த அமெரிக்கக் கல்லூரி மாணவர்களின் தரவை அலசிய வில்லியம் ரிவர்ஸ் 1998இல் வேறு முடிவைக் கண்டார். விடுதியில் இருந்தவர்களைவிடக் குடும்பத்தில் இருந்தவர்களின் பேச்சு முன்னேற்றம் குறைவு, கேட்டலில் வித்தியாசமில்லை, வாசிப்பில் மட்டும் கூடுதல். வீட்டில் தங்கினால் பேசுவார்கள் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சாப்பிட வா, தூங்கப் போ, பள்ளி எப்படி இருந்தது என்ற மூன்று வாக்கியங்களிலேயே ஒரு நாளை ஓட்டிவிடலாம். ஜப்பானியச் சாப்பாட்டு மேசைப் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்ந்த மசகாசு ஈனோ, விருந்தினரை அயலாராகவே வைத்திருக்கும் வகையில் அந்தப் பேச்சு நடப்பதைக் காட்டினார். உனக்கு நாட்டோ (புளித்த சோயா) பிடிக்காதே, சாப்ஸ்டிக் நன்றாகப் பிடிக்கிறாயே என்ற பேச்சுகள் அன்பானவைதான். ஆறாம் மாதமும் அதையே சொன்னால் பிள்ளை முதல் நாளிலேயே நிற்கிறது என்று பொருள்.

வீடு எவ்வளவுதான் ஏற்றுக்கொண்டாலும் வாசலுக்கு வெளியே அதன் பாதுகாப்பு எட்டுவதில்லை. 1992 அக்டோபர் 17 அன்று லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரில், ஏஎஃப்எஸ் மாணவராக வந்து இரண்டு மாதமே ஆகியிருந்த யோஷிஹிரோ ஹத்தோரி, தன் ஹோஸ்ட் குடும்பத்துப் பையனோடு ஹாலோவீன் விருந்துக்குப் போனான். முகவரி தவறி வேறு வீட்டு மணியை அழுத்தினார்கள். வீட்டுக்காரர் துப்பாக்கியை நீட்டி நிற்கச் சொன்னார். ஹத்தோரி நிற்காமல் முன்னே வந்தான், சுடப்பட்டு இறந்தான். அவனுக்கு வயது 16. குற்ற வழக்கில் சுட்டவர் விடுதலையானார். ஜப்பானில் 16 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட துப்பாக்கிக் கட்டுப்பாட்டு மனுவோடு அவனுடைய பெற்றோர் 1993 நவம்பரில் அதிபர் கிளின்டனைச் சந்தித்தார்கள். ஹோஸ்ட் பெற்றோரும் அந்த இயக்கத்தில் சேர்ந்துகொண்டார்கள். ஹத்தோரியின் தாய் தந்தையர் பரிமாற்றத்தைச் சபிக்கவில்லை. மகன் பெயரில் நிதி ஏற்படுத்தி, அமெரிக்க மாணவர்களை ஜப்பானுக்கு வரவழைத்தார்கள்.

கைபேசி வந்த பிறகு முதல் மாதம் மாறிவிட்டது. முன்பு கடிதம் போய்ப் பதில் வர வாரங்கள் ஆகும், தொலைபேசிக் கட்டணமும் கையைக் கடிக்கும். வேறு வழியில்லாமல் பிள்ளை கூடத்துக்கு வந்து உட்கார்ந்தது. இப்போது அறைக்குள் அம்மாவின் முகம் திரையில் இருக்கிறது. இரவு என்ன சாப்பிட்டாய் என்று ஊரிலிருந்து அம்மா கேட்கிறார். சீஸ் சாண்ட்விச் என்று பதில் போகிறது. அம்மா கலங்கி ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் எழுதுகிறார். மறுநாள் பேசி முடிந்திருக்க வேண்டிய விஷயம் மூன்று நாட்டு அலுவலகங்களைச் சுற்றி வருகிறது. தினமும் பேசாதீர்கள் என்று அமைப்புகள் பெற்றோருக்குச் சொல்கின்றன. எந்தத் தமிழ்த் தாயும் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

ஒத்துவராத வீட்டை மாற்றிக்கொள்ளலாம். எல்லாத் திட்டங்களிலும் அதற்கு இடம் உண்டு. பிள்ளைகள் அதைத் தோல்வியாகவும் குடும்பங்கள் அவமானமாகவும் எடுத்துக்கொள்வதால் வேண்டியதைவிடத் தாமதமாகவே நடக்கிறது. ரோட்டரி இதை வேறு விதமாகக் கையாள்கிறது. ஓராண்டில் மூன்று குடும்பங்கள் வரை மாறுவது அங்கே வழக்கம். மாறுவதில் வெட்கம் இல்லை, ஒரு வீட்டின் பழக்கத்தை நாட்டின் பழக்கம் என்று எண்ணும் பிழையும் குறைகிறது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு முறை முதல் நாள் மீண்டும் வருகிறது என்பது அதன் விலை. அந்த விலை தகும் என்றே நினைக்கிறேன்.

ரோட்டரியிடம் இன்னொரு நல்ல பழக்கமும் உண்டு. முதல் இரவே மாணவரும் குடும்பமும் சேர்ந்து உட்கார்ந்து பேச ஒரு கேள்வித்தாள். உங்களை என்னவென்று கூப்பிடுவது, அழுக்குத் துணியை எங்கே போடுவது, யார் துவைப்பது, காலையில் குளியலறை எனக்கு எத்தனை மணிக்கு, குளிர்சாதனப் பெட்டியில் நான் எடுக்கக் கூடாதது எது, என் வேலைகள் எவை, எத்தனை மணிக்குள் வீடு திரும்ப வேண்டும். இவ்வளவு அற்பமாகத் தெரியும் கேள்விகளாலேயே முதல் மாதச் சண்டைகளில் பாதி தீர்ந்துவிடும்.

தமிழ்நாட்டு ரோட்டரிக் குடும்பங்களும் வெளிநாட்டுப் பிள்ளைகளை ஏற்கின்றன. இங்கே அந்தத் தாள் ஒரு கேள்வியில் முட்டி நிற்கும். என் வேலைகள் எவை என்று ஜெர்மனியிலிருந்தோ பிரேசிலிலிருந்தோ வந்த பெண் கேட்டால், நீ சும்மா உட்காரும்மா என்றுதான் நம் வீடுகளில் பதில் வரும். துணியை வேலைக்காரம்மா துவைப்பார், தட்டைப் பாட்டி வாங்கிக்கொள்வார், தண்ணீர்கூடக் கையில் வந்துவிடும். உபசாரத்தில் குறையே வைக்க மாட்டார்கள். பத்து மாதமும் விருந்தாளியாகவே இருந்துவிட்டுப் போகும் ஆபத்து அந்தப் பெண்ணுக்கு இங்கேதான் அதிகம். குடும்பங்களுக்கான வழிகாட்டுதலில் முதல் வாரமே ஒரு வேலை ஒதுக்குங்கள் என்று தமிழில் எழுதிச் சேர்க்க வேண்டும். மாலையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதாக இருக்கலாம், கீரை ஆய்வதாக இருக்கலாம். பாட்டி சம்மதிக்க இரண்டு வாரம் ஆகும் என்றும் சேர்த்தே எழுதலாம்.